ஆழம் அளக்கும் கேமராவுக்குச் சுவர் மூலை ஏன் உருண்டு தெரிகிறது?

ஒளியைக் கொண்டு தூரம் அளக்கும் கேமராவை ஓர் அறையின் மூலையைப் பார்த்தபடி வைத்தால், அது தரும் முப்பரிமாணப் படத்தில் மூலை மூலையாக இருக்காது. செங்கோணத்தில் சேர வேண்டிய இரண்டு சுவர்களும் கிண்ணத்தின் உட்பக்கம் மாதிரி வளைந்து சேரும். கேமராவில் பழுது எதுவும் இல்லை. வெளிச்சமும் போதுமானதுதான். நூறு படம் எடுத்துச் சராசரி பார்த்தாலும் அதே வளைவு அதே இடத்தில் இருக்கும்.

இந்த வகைக் கேமராக்களின் முன்னேற்றம் பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை பிக்சல், எவ்வளவு தூரம் எட்டும், வினாடிக்கு எத்தனை படம் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எல்லாம் தேவையானவைதான். ஆனால் இவற்றின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பிக்சலும் தனக்கு வந்த ஒளி முழுக்க ஒரே இடத்திலிருந்து, ஒரே வழியாக வந்தது என்று எடுத்துக்கொண்டு ஒரே ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்த அனுமானத்தை உடைக்கும் முயற்சிகள்தான் பெரிய முன்னேற்றம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளங்க, ஒரு பிக்சல் தூரத்தை எப்படி அளக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

பல்சக்கரத்திலிருந்து பிக்சல் வரை

ஒளி ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில், ஏறக்குறைய 30 செ.மீ. போகும். கேமராவிலிருந்து கிளம்பிய ஒளி பொருளைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்பதால், ஒரு நானோ வினாடித் தாமதம் 15 செ.மீ. தூரத்துக்குச் சமம். ஒரு மில்லிமீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் சுமார் 6.7 பிக்கோ வினாடி வித்தியாசத்தைப் பிரித்தறிய வேண்டும். ஒரு பிக்கோ வினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இத்தனை சிறிய நேரத்தை லட்சக்கணக்கான பிக்சல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அளப்பது நடக்கிற காரியமா என்று தோன்றும். நேரடியாக அளப்பதில்லை, சுற்றி வளைத்து அளக்கிறார்கள். அந்த வழி பழையது.

1849-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபீஸோ பாரிஸ் பக்கத்தில் ஒரு சோதனை செய்தார். 720 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றி, பல்லிடுக்கு வழியே ஒளியை 8,633 மீட்டர் தள்ளி வைத்த கண்ணாடிக்கு அனுப்பினார். ஒளி திரும்பி வருவதற்குள் அடுத்த பல் வந்து இடுக்கை மறைத்தால் பார்ப்பவருக்கு இருட்டு. சக்கரத்தின் வேகம் தெரியும், தூரம் தெரியும், ஆகவே ஒளியின் வேகம் கிடைத்தது. கடிகாரத்தால் பிடிக்க முடியாத நேரத்தை, ஒளியையே விட்டுவிட்டு அனுப்புவதன் மூலம் பிடித்தார்.

இன்றைய கேமரா அதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது. ஒளியின் வேகம் தெரியும். 1983 முதல் மீட்டர் என்ற அளவே அந்த வேகத்தை வைத்துத்தான் வரையறுக்கப்படுகிறது: வினாடிக்கு 29,97,92,458 மீட்டர். தெரியாதது தூரம். சக்கரத்தின் இடத்தில், பிரகாசம் வினாடிக்கு 10 கோடி முறை கூடிக் குறையும் அகச்சிவப்பு லேசர் இருக்கிறது. பல்லின் இடத்தில், அதே தாளத்தில் திறந்து மூடும் மின்கதவு ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கிறது.

பிக்சலுக்குள் எலெக்ட்ரான்களைச் சேர்த்து வைக்க இரண்டு குழிகள் உண்டு. லேசர் பிரகாசமாக இருக்கும் அரைச் சுற்றில் வரும் ஒளி முதல் குழிக்குப் போகும், அடுத்த அரைச் சுற்றில் வருவது இரண்டாவதற்கு. ஒளி தாமதமே இல்லாமல் திரும்பினால் பெரும்பகுதி முதல் குழியில் சேரும். அரைச் சுற்றுத் தாமதமானால் இரண்டாவதில் சேரும். இடைப்பட்ட தாமதத்துக்கு இரண்டிலும் பிரிந்து விழும். லட்சக்கணக்கான சுற்றுகள் இப்படிச் சேர்த்துவிட்டு, இரண்டு குழிகளையும் ஒப்பிட்டால் தாமதம் தெரிந்துவிடும். பிக்கோ வினாடியைப் பார்க்க பிக்கோ வினாடிக் கடிகாரம் தேவையில்லை.

ஆனால் ஒரு தடவை ஒப்பிட்டால் போதாது. பொருள் கருப்பா வெள்ளையா, அறை விளக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதும் தெரியாதவைதானே. அதனால் கதவின் தாளத்தை 0, 90, 180, 270 பாகை தள்ளி நான்கு முறை எடுக்கிறார்கள். நான்கு அளவுகளிலிருந்து மூன்று விடைகள் கிடைக்கின்றன: தாமதம், திரும்பி வந்த லேசர் ஒளியின் வலிமை, பின்னணி வெளிச்சம். இரண்டாவது விடையைப் பலரும் கண்டுகொள்வதில்லை. தாமதக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்வது அதுதான்.

இந்த வகைப் பிக்சல்கள் 1990களில் உருவாயின. ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷ்வார்ட்டேயின் குழுவும் சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர்களும் இதில் முன்னோடிகள். பொதுமக்கள் கைக்குப் பெரிய அளவில் வந்தது 2013-இல், மைக்ரோசாஃப்டின் இரண்டாவது கினெக்ட் என்ற விளையாட்டுக் கேமராவோடு. 512×424 பிக்சல்கள், அதாவது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தூர அளவிகள் ஒரே சில்லில். 2010-இல் வந்த முதல் கினெக்ட் வேறு வகை. புள்ளிக் கோலத்தை வீசி அது எப்படிக் கோணுகிறது என்று பார்த்துத் தூரம் கணிப்பது.

வேகமான தாளம், குழப்பமான விடை

தாளத்தின் அதிர்வெண் கூடக் கூடத் துல்லியம் கூடும். 100 மெகாஹெர்ட்ஸில் (வினாடிக்கு 10 கோடி முறை) ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, 1.5 மீட்டருக்குச் சமம். ஒரு பாகை பிசகினால் தூரம் 4.2 மி.மீ. பிசகும். 20 மெகாஹெர்ட்ஸில் அதே ஒரு பாகைப் பிசகு 2.1 செ.மீ. ஆகிவிடும். அப்படியானால் எப்போதும் வேகமான தாளத்தையே வைத்துக்கொள்ளலாமே?

இங்கே ஒரு சிக்கல். 100 மெகாஹெர்ட்ஸில் 1.5 மீட்டருக்கு ஒருமுறை விடை திரும்பத் திரும்ப வரும். 1.6 மீட்டரில் இருக்கும் பொருளும் 10 செ.மீ.யில் இருக்கும் பொருளும் கேமராவுக்கு ஒன்றுதான். இதைத் தீர்க்க இரண்டு தாளங்களைக் கலக்கிறார்கள். பொருள் 1.6 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸ் அளவு சொல்வது: 0.1, 1.6, 3.1, 4.6, 6.1 மீட்டர் ஆகியவற்றில் ஒன்று. 80 மெகாஹெர்ட்ஸ் அளவு 1.875 மீட்டருக்கு ஒருமுறை திரும்புவதால் அது சொல்வது: 1.6, 3.475, 5.35, 7.225. இரண்டு பட்டியலிலும் இருப்பது 1.6 மட்டுமே. இப்படி 7.5 மீட்டர் வரை குழப்பமில்லாமல் போகலாம், துல்லியம் 100 மெகாஹெர்ட்ஸுக்கு உரியதாகவே இருக்கும். இரைச்சல், அதாவது அளவில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம், அதிகமாகித் தவறான இணை பொருந்திவிட்டால் மட்டும் பிழை மில்லிமீட்டரில் இருக்காது, ஒரே தாவலில் மீட்டர் கணக்கில் போய்விடும். படத்தில் திடீரென்று ஒரு திட்டு பின்னால் பாய்ந்து நிற்பதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, 100 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 1,000 மெகாஹெர்ட்ஸ் போகலாமா? தடையாக நிற்பது சிலிக்கானே. அகச்சிவப்பு ஒளி சிலிக்கானுக்குள் ஆழமாக இறங்கித்தான் எலெக்ட்ரானை விடுவிக்கும். 850 நானோமீட்டர் அலைநீளத்தில் சராசரியாகப் பத்து, இருபது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம், 940-இல் அதைவிடப் பல மடங்கு. அங்கே பிறந்த எலெக்ட்ரான் மேலே இருக்கும் குழிக்கு வந்து சேர வேண்டும். சிலிக்கானுக்குள் எலெக்ட்ரான் அதிகபட்சமாக ஒரு பிக்கோ வினாடிக்கு 0.1 மைக்ரான் அளவில்தான் நகரும். ஆக 10 மைக்ரான் ஏற, எல்லாம் சரியாக அமைந்தாலும், 100 பிக்கோ வினாடி ஆகும். மின்புலம் பலவீனமான மூலையில் பிறந்த எலெக்ட்ரான் நானோ வினாடிக் கணக்கில் அலையும். 1,000 மெகாஹெர்ட்ஸ் தாளத்தில் கதவு 500 பிக்கோ வினாடிக்கு ஒருமுறை மாறிவிடும். தாமதமாக வந்த எலெக்ட்ரான் தவறான குழியில் விழும். இரண்டு குழிகளும் ஏறக்குறைய சமமாக நிரம்பினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. பிக்சலின் பின்பக்கத்திலிருந்து ஒளியை விடுவது, சிலிக்கானின் மேற்பரப்பில் நுண்பள்ளங்கள் செதுக்கி ஒளியைச் சாய்த்து அனுப்பி மெல்லிய அடுக்குக்குள்ளேயே உறிஞ்ச வைப்பது என்று வடிவமைப்பாளர்கள் இதில் உழைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் வராத உழைப்பு, ஆனால் இந்தக் கேமராக்கள் இன்று இந்த அளவுக்கு வேலை செய்வதற்கு அதுவே முக்கியக் காரணம்.

ஒளி போதாமை, சூரியன்

ஃபோட்டான்கள் மழைத்துளி போல ஒழுங்கில்லாமல் வந்து விழுபவை. 10,000 ஃபோட்டான் சேர்ந்தால் அந்த எண்ணிக்கையில் 100 அளவுக்கு ஏற்ற இறக்கம் தானாகவே இருக்கும், அதாவது 1 சதவீதம். 100 மட்டும் சேர்ந்தால் 10 சதவீதம். எந்த மின்னணு வித்தையும் இதைத் தாண்ட முடியாது, அதிக ஒளி சேர்ப்பது ஒன்றே வழி.

பொருள் இரட்டிப்புத் தூரம் போனால் திரும்பி வரும் ஒளி நான்கில் ஒன்றாகும். இருட்டறையில் அதனால் பிழை இரட்டிப்பாகும், அவ்வளவுதான். வெயிலில் கதை வேறு. அங்கே ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பது சூரிய ஒளி, அது தூரம் போனாலும் குறைவதில்லை. லேசர் ஒளி மட்டும் நான்கில் ஒன்றாகிறது, ஆகவே பிழை நான்கு மடங்கு. அறைக்குள் நன்றாக வேலை செய்யும் கேமரா வாசலுக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான். அப்புறம், சூரிய ஒளி பிக்சலின் குழிகளையே நிரப்பி வழியச் செய்துவிட்டால் கணக்குப் போட எதுவுமே இருக்காது.

இதற்கு ஓரளவு பயன் தந்த வழிகள் சில. 850-இலிருந்து 940 நானோமீட்டருக்கு மாறுவது: வளிமண்டல நீராவி அந்தப் பகுதிச் சூரிய ஒளியைக் கணிசமாக உறிஞ்சிவிடுகிறது, ஆனால் சிலிக்கானின் உணர்திறனும் அங்கே குறைவு. இரண்டு குழிகளிலும் பொதுவாகச் சேர்ந்த பின்னணியைப் பிக்சலுக்குள்ளேயே கழித்துவிடுவது. லேசரை எரியவிட்டுக்கொண்டே இருக்காமல் குறுகிய நேரம் மிகப் பிரகாசமாக எரித்து, அந்த நேரம் மட்டும் பிக்சலைத் திறப்பது. கண்ணுக்குப் பாதுகாப்பான அளவைத் தாண்டக் கூடாது என்பதால் லேசரின் சக்தியை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. அந்த வரம்புக்குள் இருக்கும் ஒளியை எங்கே, எப்போது செலவழிப்பது என்பதில்தான் சாமர்த்தியம். 2020-இல் ஐபேட் ப்ரோவிலும் ஐபோன் 12 ப்ரோவிலும் வந்த லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) இந்த ஒளியைக் காட்சி முழுக்கப் பரப்பாமல் புள்ளிகளாகக் குவிக்கிறது. புள்ளி இல்லாத இடங்களை வண்ணக் கேமராவின் துணையோடு நிரப்பிக்கொள்கிறது.

வெப்பநிலை இன்னொரு தொல்லை. லேசரை இயக்கும் சுற்று சூடாகி 67 பிக்கோ வினாடி தாமதித்தாலே எல்லாத் தூரமும் 1 செ.மீ. நகர்ந்துவிடும். கேமராவுக்குள்ளேயே ஒரு சிறு ஒளிப்பாதை வைத்து, தெரிந்த தூரத்தை அவ்வப்போது அளந்து சரிசெய்வார்கள். முறையான பிழை என்பதால் முறையாகத் தீர்க்க முடிகிறது.

மூலையில் நடப்பது

இப்போது சுவர் மூலைக்கு வருவோம். ஒரு பிக்சல் இடதுச் சுவரில் 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு புள்ளியைப் பார்க்கிறது. லேசர் அந்தப் புள்ளியில் நேராக விழுகிறது. ஆனால் வலதுச் சுவரிலும் லேசர் விழுந்து, அங்கிருந்து சிதறி, அதே புள்ளியில் பட்டு, கேமராவுக்கு வருகிறது. சுற்றி வந்த இந்த ஒளியின் பாதையை அளந்தால் 2.15 மீட்டர் தூரத்துக்குச் சமம், வலிமை நேர் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வோம். பிக்சலுக்கு இரண்டும் கலந்துதான் வருகின்றன.

ஒவ்வொரு ஒளியையும் ஓர் அம்பாக வரையலாம். நீளம் வலிமை, திசை தாமதம். இரண்டு அம்புகளைக் கூட்டினால் வருவதும் ஓர் அம்புதான், இரண்டுக்கும் நடுவே எங்கோ திரும்பியிருக்கும். பிக்சலுக்குத் தெரிவது அந்தக் கூட்டு அம்பு மட்டும். 20 மெகாஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் விடை 2.025 மீட்டர் வருகிறது. 2 மீட்டரும் இல்லை, 2.15-உம் இல்லை, இரண்டரை சென்டிமீட்டர் பின்னால் இல்லாத ஒரு சுவர். 100 மெகாஹெர்ட்ஸுக்குப் போனாலும் பிழை 2.4 செ.மீ. இருக்கிறது. இரைச்சல் பல மடங்கு குறைந்துவிட்டது, பிழை அப்படியே நிற்கிறது. சரியாக மூலைக்கோட்டில் சுற்றுப்பாதையும் நேர்ப்பாதையும் ஒன்றாகிவிடுவதால் அங்கே பிழை இல்லை. அதிலிருந்து விலகும்போது பிழை ஏறுகிறது. நேரான சுவர் வளைவது இப்படித்தான்.

இதே கூட்டல் வேறு வேடங்களிலும் வரும். கையின் விளிம்பில் இருக்கும் பிக்சல் பாதி விரலையும் பாதி பின்சுவரையும் பார்க்கிறது. விடையாக இரண்டுக்கும் நடுவே, காற்றில் ஒரு புள்ளி மிதக்கிறது. கண்ணாடிக் கதவிலிருந்து கொஞ்சம் ஒளி, அதற்குப் பின்னால் நிற்பவரிடமிருந்து கொஞ்சம் ஒளி: கேமரா சொல்லும் தூரத்தில் கதவும் இல்லை, ஆளும் இல்லை. மூடுபனியில் ஒவ்வொரு துளியும் கொஞ்சம் ஒளியைச் சீக்கிரமே திருப்பி அனுப்புவதால் எதிரே இருக்கும் பொருள் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். லென்ஸுக்குள் சிதறும் ஒளியும் இதே வேலையைச் செய்யும்: பக்கத்தில் பிரகாசமான பொருள் ஒன்று இருந்தால் தொலைவில் இருப்பவை எல்லாம் அதன் பக்கம் இழுபடும்.

இவை எதுவுமே இரைச்சல் அல்ல. அதனால்தான் இவை ஆபத்தானவை. இரைச்சல் பிக்சலுக்குப் பிக்சல் துடிக்கும், பார்த்ததும் சந்தேகம் வரும். கலந்த ஒளி தரும் விடை ஆடாமல் அசையாமல், நல்ல வலிமையோடு, உறுதியாகத் தவறாக இருக்கும்.

பிரிப்பதற்கு மூன்று வழிகள்

முதல் வழி, பல தாளங்களில் அளப்பது. நேர் ஒளியும் சுற்றி வந்த ஒளியும் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் வேறு வேறு கோணத்தில் கூடுவதால், போதுமான அதிர்வெண்களில் அளந்தால் சமன்பாடுகளைத் தீர்த்து இரண்டையும் பிரிக்கலாம். 2013-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் அச்சுதா கடம்பி, ரமேஷ் ரஸ்கர் குழுவினர் வேறொரு கோணத்தில் போனார்கள். லேசரைச் சீரான தாளத்தில் ஏற்றி இறக்காமல், ஒரு குறியீட்டுக் கோவையின்படி ஏற்றி இறக்கினால், திரும்பி வருவதில் எத்தனை பாதைகள் கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க முடியும் எனக் காட்டினார்கள். ஒளி ஊடுருவும் பொருளையும் அதன் பின்னால் இருப்பதையும் தனித்தனியாக எடுக்க இது உதவியது. பாதைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் தாளத்தின் நீளத்தோடு ஒப்பிடச் சிறியதாக இருக்கும்போது இந்த வழி திணறும். மூலையில் 15 செ.மீ. வித்தியாசத்தை 1.5 மீட்டர் தாளத்தால் பிரிப்பது கடினம், சிறு இரைச்சலும் விடையைப் புரட்டிவிடும்.

இரண்டாவது வழி, தாளத்தை மிக உயர்த்திவிடுவது. அதே மூலைக் கணக்கை 1,000 மெகாஹெர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். ஒரு முழுச் சுற்று இப்போது 15 செ.மீ. மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு வலிமையுள்ள அம்பு எந்தத் திசையில் சேர்ந்தாலும் கூட்டு அம்பை 12 பாகைக்கு மேல் திருப்ப முடியாது, அதாவது பிழை 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. நடைமுறையில் இன்னும் குறையும். சுவரின் பல இடங்களிலிருந்து சிதறி வருபவை வேறு வேறு நீளமுள்ள பாதைகள், உயர்ந்த அதிர்வெண்ணில் அவற்றின் அம்புகள் எல்லாத் திசைகளிலும் சிதறி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2015-இல் மோஹித் குப்தாவும் ஷ்ரீ நாயரும் சக ஆய்வாளர்களும் இதைக் கோட்பாடாகவே வகுத்தார்கள். பனிமூட்டத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆனால் சிலிக்கான் பிக்சல் அந்த வேகத்துக்கு வராது என்று முன்பே பார்த்தோம். கடம்பியும் ரஸ்கரும் 2017-இல் வானொலிக்காரர்களின் பழைய உத்தியை இங்கே கொண்டுவந்தார்கள். ஒளியைக் கிகாஹெர்ட்ஸ் (1,000 மெகாஹெர்ட்ஸ்) வேகத்தில் ஏற்றி இறக்கி அனுப்புவது, திரும்பி வரும் ஒளியைச் சென்சாருக்கு முன்னால் வைத்த இன்னொரு கருவி மிக மிகக் கொஞ்சம் மாறுபட்ட அதிர்வெண்ணில் மீண்டும் ஏற்றி இறக்கும்படி கடக்க விடுவது. இரண்டு நெருங்கிய சுருதிகள் சேர்ந்தால் மெதுவான ஓர் அதிர்வு கேட்குமல்லவா, அதேபோல இங்கே சில ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒளி மெல்லக் கூடிக் குறையும். கிகாஹெர்ட்ஸ் தாளத்தின் கட்டம், அதாவது பாகையில் சொல்லும் தாமதம், அந்த மெதுவான அலையிலும் அப்படியே இருக்கும், சாதாரண மெதுவான சென்சாரே அதைப் பார்த்துவிடலாம். ஒளியிழை கொண்டு கட்டிய சோதனை அமைப்பில் 2 மீட்டர் நீளத்துக்கு 3 மைக்ரான் துல்லியம் கிடைத்தது. அது இன்னும் முழுக் கேமரா அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். பரந்த காட்சியைப் பார்க்கும் லென்ஸுக்குப் பின்னால், பெரிய பரப்பில், எல்லாக் கோணங்களிலும் வரும் ஒளியை ஏற்றி இறக்கும் தகடு வேண்டும். 2022-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஒன்று லித்தியம் நையோபேட் என்ற படிகத் தகட்டை ஒலி அதிர்வால் துடிக்க வைத்து, சாதாரண கேமராவுக்கு முன்னால் பொருத்தி, குறைந்த மின்சக்தியில் தூரம் அளக்க வைத்தது. அதன் வேகம் சில மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் பிக்சலை மாற்றாமல் அதற்கு வெளியே தாளம் போடலாம் என்ற வழி திறந்திருக்கிறது. கிகாஹெர்ட்ஸ் வேகமும் பெரிய பரப்பும் ஒரே தகட்டில் சேரும் நாளுக்காக நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, கூட்டல் நடப்பதற்கு முன்பே பிடித்துவிடுவது. ஒற்றை ஃபோட்டான் விழுந்தாலே எலெக்ட்ரான் வெள்ளம் கிளப்பும் டயோடுகள் இருக்கின்றன, சுருக்கமாக ஸ்பேட் என்பார்கள். லேசர் ஒரு சிறு துடிப்பை அனுப்பும், திரும்பி வரும் முதல் ஃபோட்டானின் நேரம் குறிக்கப்படும். ஆயிரக்கணக்கான துடிப்புகளுக்குப் பிறகு எந்த நேரத்தில் எத்தனை ஃபோட்டான் வந்தது என்று ஒரு பட்டை வரைபடம் உருவாகும். கண்ணாடிக் கதவுக்கு ஒரு சிகரம், பின்னால் நிற்பவருக்கு இன்னொரு சிகரம். இரண்டும் கலப்பதே இல்லை. பனிமூட்டம் கூட ஆரம்பத்தில் ஒரு சரிவாகத் தெரியும், அதைத் தாண்டிப் பொருளின் சிகரம் நிற்கும்.

இதிலும் சூரியன் குறுக்கே வரும், வேறு விதமாக. ஸ்பேட் ஒரு ஃபோட்டானைப் பார்த்ததும் சில பத்து நானோ வினாடிகள் குருடாகிவிடும். வெயிலில் சூரிய ஃபோட்டான் ஒன்று முந்திக்கொண்டு வந்து இடத்தைப் பிடித்துவிட்டால், பொருளிலிருந்து வரும் ஃபோட்டான் கணக்கிலேயே வராது. வரைபடம் பக்கத்துத் தூரங்களின் பக்கம் சாய்ந்துவிடும். 1968-லேயே கோட்ஸ் என்பவர் வேறொரு துறைக்காக இதற்குத் திருத்தச் சூத்திரம் கொடுத்திருக்கிறார். 2019-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எளிமையான ஒரு வழியைச் சொன்னார்கள்: டயோடு விழித்துக்கொள்ளும் நேரத்தையும் லேசர் துடிக்கும் நேரத்தையும் வேண்டுமென்றே பொருந்தாமல் வைத்தால், முந்திக்கொள்ளும் வாய்ப்பு எல்லாத் தூரத்துக்கும் சமமாகப் பரவிவிடும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. புதிய சில்லு எதுவும் தேவைப்படவில்லை, ஒத்திசைவு எப்போதும் நல்லது என்ற பழக்கத்தை விட்டதுதான் தேவைப்பட்டது.

ஸ்பேட்டின் இன்னொரு சுமை தகவல் பெருக்கம். 320×240 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 1,000 நேரக் கட்டங்கள் என்றால் ஒரு படத்துக்கு 7.68 கோடி எண்கள். வினாடிக்கு 30 படம் என்றால் 230 கோடி. சில்லிலிருந்து அத்தனையும் வெளியே வர முடியாது. அதனால் டயோடுகள் ஓர் அடுக்கிலும் எண்ணும் சுற்றுகள் அதற்குக் கீழடுக்கிலுமாகச் சில்லுகளை ஒட்டுகிறார்கள். 2021-இல் சோனி அறிவித்த வாகன லைடாருக்கான சென்சார் இப்படிப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கேனனும் லோசான் தொழில்நுட்ப நிறுவனமும் 10 லட்சம் பிக்சல் ஸ்பேட் சென்சாரைக் காட்டின. பிக்சல் பெருகப் பெருக, கீழடுக்கில் வரைபடத்தைச் சுருக்கி, பெரிய சிகரம் ஒன்றை மட்டும் தேர்ந்து, ஒரே தூரமாக வெளியே அனுப்பும் ஆசையும் பெருகுகிறது. அங்கே பழைய அனுமானம் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடுகிறது.

தப்பை அழகாக்குவது தீர்வல்ல

நரம்பணு வலைகளைப் பயிற்றுவித்து மூலைகளைத் திருத்தும் முயற்சிகளும் நிறைய நடக்கின்றன. கணினியில் ஒளியின் எல்லாப் பாதைகளையும் கணக்கிட்டு உருவாக்கிய அறைகளைக் காட்டிப் பயிற்சி கொடுக்கிறார்கள். உண்மை அறையின் ஒவ்வொரு புள்ளிக்கும் சரியான தூரம் கையில் இருப்பதில்லை என்பதால் இது நியாயமான வழி. மூல அளவுகள் நான்கையும், பல அதிர்வெண்களையும் வலைக்குக் கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கிறது, ஏனென்றால் கலப்பின் தடயம் அவற்றில் இருக்கிறது. முடிந்துபோன தூரப் படத்தை மட்டும் கொடுத்து அழகுபடுத்தச் சொன்னால், வலை இருப்பதை அளக்காது, இருக்கக்கூடியதை வரையும். புகைப்படத்தின் பின்னணியை மங்கலாக்க அது போதும். கண்ணாடிக் கதவை நோக்கிப் போகும் ரோபோவுக்கு, வழுவழுப்பான பொய்யைவிட, இங்கே தெரியவில்லை என்று சொல்லும் ஓட்டை மேல்.

சோதிக்கும் முறையும் மாற வேண்டும். இந்தச் சென்சார்களின் விவரக் குறிப்புகளில் துல்லியம் பொதுவாகக் கேமராவுக்கு நேரே வைத்த சமதளப் பலகையில், குறிப்பிட்ட எதிரொளிப்பில் அளந்ததாக இருக்கும். சமதளப் பலகை தன்மேல் தானே ஒளியைச் சிதறிக்கொள்வதில்லை. விளிம்பும் நடுவில் இல்லை, கண்ணாடியும் இல்லை. மேலே சொன்ன எந்தப் பிழையும் அங்கே தலைகாட்டாது. வெள்ளை மூலை ஒன்று, கருப்புப் பொருளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் ஒன்று, கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் ஓர் உருவம் என மூன்று காட்சிகளின் அளவைக் குறிப்பில் சேர்த்தாலே, வாங்குபவருக்குப் பத்து மடங்கு விவரம் கிடைக்கும்.

சிதறிய ஒளி வெறும் குப்பை அல்ல என்பதற்கும் சான்று இருக்கிறது. 2012-இல் ஆண்ட்ரியாஸ் வெல்ட்டன், ரஸ்கர் முதலானோர் பிக்கோ வினாடி அளவில் பதியும் கேமராவைச் சுவரைப் பார்க்க வைத்து, சுவரில் பட்டுச் சுற்றி வந்த ஒளியிலிருந்தே மறைவில் இருந்த பொருளின் உருவத்தை மீட்டெடுத்தார்கள். மூலையைக் கெடுக்கும் அதே ஒளி மூலைக்கு அப்பால் இருப்பதைக் காட்டியது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு பிக்சலுக்கு ஒரு எண்ணோடு நின்றுவிடாமல், நேரத்தின் முழு வரைபடத்தையும் வைத்துக்கொண்டதுதான்.

இன்று ஆப்பிள் கருவிகளில் செயலி எழுதுபவருக்கு லைடாரிலிருந்து கிடைப்பது ஒரு தூர வரைபடம், ஒவ்வொரு புள்ளிக்கும் நம்பகம் குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற மூன்று மட்டங்களில் ஒன்று. அந்த மூன்று மட்டங்களே ஒரு நல்ல தொடக்கம், பயன்படுத்தாமல் விடும் செயலிகள் கவனிக்க வேண்டியவை. விரல்நுனி அளவுள்ள சிறு சென்சார்களில் இதற்கும் மேலே போயிருக்கிறார்கள். எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸின் 8×8 கட்டங்கள் கொண்ட சென்சார் ஒன்று ஒரே கட்டத்தில் நான்கு பொருள்கள் வரை தனித்தனித் தூரம் சொல்லும். வெறும் 64 கட்டங்கள் என்பதால் சில்லுக்குள் இடம் இருக்கிறது, சொல்ல முடிகிறது. லட்சம் பிக்சல் சென்சார்களுக்கு அடுத்த வேலை இதுதான்: ஒவ்வொரு பிக்சலுக்கும் குறைந்தது இரண்டு சிகரங்களாவது, அவற்றின் வலிமையோடு, வெளியே வர வேண்டும். எதை நம்புவது என்று ரோபோவும் வாகனமும் செயலியும் தங்கள் தேவைக்கேற்பத் தீர்மானித்துக்கொள்ளட்டும்.